ஆறு நிமிடமும் மூன்று மாதமும்: ஒரு குட்டியானை ஓட்டுநரின் லைசென்ஸ் விவகாரம்

## யார், என்ன வேலை

சென்னையின் தென்பகுதியில் இருபது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இங்கே எழுதியிருப்பது என்னிடம் ஓட்டப் பழகிய ஒரு பையனின் விவகாரம். அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். மாமா என்று வருபவர் அவருடைய தாய்மாமன், வண்டியின் சொந்தக்காரர். இருவரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பிக்கு வயது 22. 2022ல் கார் லைசென்ஸ் எடுத்தார். 2024 ஜூனில் மாமாவின் குட்டியானையை (சின்ன லோடு வண்டி) இரவு டூட்டியாக ஓட்ட ஆரம்பித்தார். ராத்திரி ஒன்றரைக்குக் கோயம்பேடு மார்க்கெட்டில் வண்டியைப் போட்டுக் காய்கறி லோடு ஏற்றி, விடிவதற்குள் சோழிங்கநல்லூர் பக்கம் பதினொரு கடைகளுக்கும் மூன்று மெஸ்களுக்கும் இறக்க வேண்டும். ஐந்தரைக்குள் எல்லா இடத்திலும் இறங்கியாக வேண்டும். தப்பினால் கடைக்கு 200 ரூபாய் பிடித்தம். மாதச் சம்பளம் 18,000, படி தனி.

மாமாவுக்குச் சர்க்கரை. கண் பார்வை மங்கியதால் இரவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த வண்டியில் வரும் வருமானத்தில்தான் இரண்டு வீடுகள் ஓடின.

## விஷயம் வெளியே வந்த விதம்

2024 நவம்பர் மூன்றாவது வாரம், விடிகாலை நாலேகால் மணிக்கு, ஸ்பீடு கன்னோடு நின்ற போலீசார் தம்பியை நிறுத்தினார்கள். 60 கி.மீ. வரம்புள்ள சாலையில் 83. லைசென்ஸை வாங்கிக்கொண்டு தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்து ஓட்டலாம் என்றுதான் நினைத்திருந்தோம், ஆனால் வேகத்துக்காகக் கைப்பற்றிய லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்டச் சட்டத்தில் அனுமதி இல்லை. தம்பி அதை வெறும் ஃபைன் என்றே நினைத்துக்கொண்டார், வீட்டிலும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மாமா எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க ஆன்லைனில் போனபோது வண்டி எண்ணில் ஆறு இ-சலான்கள் (ஆன்லைன் அபராதச் சீட்டுகள்) நிலுவை காட்டியது. ஐந்து கேமரா சலான்கள், ஒன்று அந்த ஸ்பீடு கன் சலான். ஜூலையிலிருந்து சேர்ந்தவை. ஒன்றுக்குக்கூடக் குறுஞ்செய்தி வரவில்லை என்று மாமா சத்தியம் செய்தார். விசாரித்ததில், செய்தி எல்லாமே போயிருந்தது, மாமா மூன்று வருடத்துக்கு முன்பு தூக்கிப் போட்ட பழைய சிம் எண்ணுக்கு. வண்டி வாங்கும்போது கொடுத்த எண் அது. அப்புறம் யாருமே மாற்றவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. லைசென்ஸை ஏன் தகுதி நீக்கம் செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ். அதில் ஆறு சலான்களும் பட்டியலிடப்பட்டிருந்தன. அன்று சாயங்காலம்தான் இருவரும் என்னிடம் வந்தார்கள்.

"மாஸ்டர், ஆயிரம் ஆயிரமா ஆறாயிரம் கட்டிட்டா முடிஞ்சிடும்ல?" என்றார் மாமா.

முடியாது. விளக்க அரை மணி நேரம் ஆனது.

## சட்டம் எங்கே நிற்கிறது

வேகத்துக்கு ஃபைன் விதிப்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 183ஆம் பிரிவு. இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. பணத்தோடு முடிகிற பாதை இது மட்டும்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு 206ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இன்னொரு பாதையைத் திறந்துவிட்டது. வேகம், ஆபத்தான ஓட்டம், குடிபோதை, ஹெல்மெட் இல்லாமை போன்ற குற்றங்களில் போலீசார் லைசென்ஸைக் கைப்பற்றி, அதை வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். அவர் 19ஆம் பிரிவின் கீழ் ஓட்டுநரை நேரில் கேட்டு விசாரித்து, ஒன்று விட்டுவிடலாம், இல்லையென்றால் காரணத்தை எழுதி முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் லைசென்ஸே ரத்து.

இந்த மூன்று மாதக் கணக்குக்கு ஒரு முன்கதை உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அதில் அமைக்கப்பட்ட நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, போன் பேசிக்கொண்டு ஓட்டுவது உள்ளிட்ட குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன்பு வேகத்துக்காக லைசென்ஸ் போனதை நான் பார்த்ததில்லை. இப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது நோட்டீஸோடு என் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

ஆக, நோட்டீஸில் உள்ள ஆறையும் ஆறு குற்றங்களாக எண்ணினால் தம்பியின் லைசென்ஸ் ரத்தாகும் அபாயம் இருந்தது. எங்களுக்கு உண்மையான பயம் அதுதான்.

## முதல் வாரத்தில் நடந்த தடுமாற்றம்

அந்த வாரம் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர் ஒருவர் 8,000 ரூபாய்க்கு "முடித்துத் தருகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் உள்ளே யாரையும் பார்க்கப் போவதில்லை, பணத்தோடு காணாமல் போவார் என்பது என் அனுபவம். அப்படியே பார்த்தாலும் லைசென்ஸ் விவரம் அரசின் சாரதி இணையதளத்தில் கிடக்கும், பதிவை வாயால் அழிக்க முடியாது.

இரண்டாவது யோசனை மாமாவுடையது. "கேமரால முகம் தெரியலியே. அந்த அஞ்சுக்கும் நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன் மாப்ள." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் கண் சரியில்லை என்று இரவில் ஓட்டுவதையே விட்டவர், விடிகாலை நாலு மணிக்கு 80ல் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய வம்பு வேறில்லை. 133ஆம் பிரிவு, ஓட்டியது யார் என்று வண்டியின் சொந்தக்காரர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரும் ஒரே வரியில் மறுத்துவிட்டார்.

மூன்றாவது, தம்பியின் அம்மா சொன்னது: வயசுக் கோளாறு, வேலையை விட்டு நிறுத்திவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். 22 வயது, காலி ரோடு, விடிகாலை. வேறு என்ன இருக்கும்? கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். 2022ல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள், அதே வருடம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல், 64,105 என்று எண்களை அடுக்கினேன். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. மார்க்கெட்டுக்குக் கிளம்ப நேரமாகியிருந்தது.

## வண்டியில் ஏறிப் பார்த்தது

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் இரண்டு இரவுகள் நானும் வண்டியில் போனேன். பேசிப் புரியாதது பக்கத்தில் உட்கார்ந்தால் புரியும் என்பது இந்தத் தொழிலில் கற்றது.

முதலில் கண்ணில் பட்டது போன் ஸ்டாண்டு. ஸ்டியரிங்குக்கு மேலே, மீட்டருக்கு நேர் முன்னால் ஒட்டியிருந்தது. ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் வேகமானியில் 40க்கு மேல் எதுவும் தெரியாது. பெட்ரோல் முள்ளும் 0 முதல் 40 வரையும் மட்டும் தெரிந்தன. "வேகம் எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டேன். "சத்தத்துல தெரியும் மாஸ்டர்." குட்டியானையின் சத்தத்தை வைத்து 60ஐயும் 80ஐயும் பிரிக்க என்னாலேயே முடியாது.

இரண்டாவது, வண்டி நகராமல் நின்ற நேரம். ஒன்றரைக்கே போட்ட வண்டியில் தக்காளிப் பெட்டி, வெங்காய மூட்டை, கிழங்கு எல்லாம் மூன்று மணிக்குள் ஏறிவிட்டன. அப்புறம் முக்கால் மணி நேரம் சும்மா நின்றோம். எதற்கு? கீரைக்கும் கொத்தமல்லிக்கும். அந்த லோடு வந்து, பிரித்து, லோடுமேன் தலைச்சுமையாக நம் வண்டிக்குக் கொண்டுவர மூன்றே முக்கால் ஆகிறது. கீரை கேட்பதோ மூன்று கடைகள் மட்டும். அந்த முக்கால் மணி நேரமும் தம்பி தார்ப்பாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் நேரம் பார்ப்பதுமாக இருந்தார். வண்டி வெளியே வரும்போதே கால் ஆக்ஸிலரேட்டரில் பாரமாகிவிட்டது.

வடபழனி, அசோக் நகர், கிண்டி, வேளச்சேரி வரை சிக்னலும் வளைவும் இருப்பதால் வேகம் தானாகவே மட்டுப்படும். பள்ளிக்கரணை தாண்டி, சதுப்பு நிலத்தை ஒட்டித் துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலை நேராக, அகலமாகக் கிடக்கும். மாமா திருட்டுப் பயத்தில் வண்டியில் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி மாட்டியிருந்தார். வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தவிர அதில் எதையும் அவர் பார்த்ததில்லை. அதிலிருந்து ஒரு மாதக் கணக்கை எடுத்தோம். ஓடிய 26 இரவுகளில் 22 இரவுகள் அந்த நேர்ச் சாலையில் 75ஐத் தாண்டியிருந்தது. மீதி நாலு இரவுகள் மழை.

இந்த நாலு மழை இரவுகளில்தான் விஷயம் இருந்தது. அன்றைக்கெல்லாம் வண்டி 60ஐத் தொடவே இல்லை. மற்ற நாட்களில் மார்க்கெட்டிலிருந்து முதல் கடைக்கு 27 கி.மீ. தூரத்தைச் சுமார் 34 நிமிடத்தில் கடந்தவர், மழை நாளில் 40 நிமிடம் எடுத்துக்கொண்டார். வித்தியாசம் ஆறு நிமிடம். அந்த நாலு நாளும் எந்தக் கடையும் 200 ரூபாய் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் நேரில் பார்த்தேன். நான் கூடப் போன முதல் இரவில் 60க்குள்ளேயே ஓட்டச் சொன்னேன். 3:52க்குக் கிளம்பி 4:32க்கு முதல் கடை வாசலில் நின்றோம். ஷட்டர் மூடியிருந்தது. கடைக்காரர் 4:45க்கு வந்தார். தம்பி ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்க ஆரம்பித்தார். "தினமும் இப்படித்தானா?" என்றேன். "ஆமா மாஸ்டர். சீக்கிரம் வந்துட்டா இருபது நிமிஷம் கண்ணை மூடலாம்."

மூடிய ஷட்டருக்கு முன்னால் நிற்கத்தான் இந்தப் பறப்பு. எண்களைச் சொன்னபோது அசையாதவர், ஜி.பி.எஸ். அறிக்கையில் அந்த 34ஐயும் 40ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

திரும்பும் வழியில் ரேடியல் சாலையில் எருமைகள் படுத்திருந்தன. விளக்கில்லாத இடம், கறுப்புத் தார், கறுப்பு மாடு. வண்டியை ஓரம் கட்டி ஒரு கணக்குப் போட்டோம். 60ல் வந்தால், கண்ணில் பட்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்று கொண்டால், காய்ந்த ரோட்டில் நிற்கச் சுமார் 50 மீட்டர் வேண்டும். 83ல் வந்தால் சுமார் 80 மீட்டர். லோடு இருந்தால் இன்னும் கூடும். வண்டியின் முகப்பு விளக்கில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று இறங்கி நடந்து அளந்தோம். தாழ்ந்த ஒளியில் 80 மீட்டர் தெரியவில்லை. இந்த வேலையை 2022லேயே நான் செய்திருக்க வேண்டும்.

## சலான்களைச் சரிபார்த்தது

வக்கீல் சொன்ன முதல் வேலை, ஆறு சலான்களின் புகைப்படங்களையும் தரவிறக்கிப் பார்ப்பது. கேமரா சலான்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று தனி விதி இருக்கிறது. தெளிவான புகைப்படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் பதிவில் இருக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும்.

ஐந்து கேமரா சலான்களில் நாலு நம்முடையவை. சந்தேகமே இல்லை, தார்ப்பாயில் மாமா போட்ட நீல ஒட்டுத்துணி உட்படத் தெரிந்தது. ஐந்தாவதில் இருந்தது மூடிய பெட்டி வைத்த வேறொரு வண்டி. நம்பர் பிளேட்டில் 3ஐக் கருவி 8 என்று படித்திருந்தது. அந்த நேரத்தில் நம் வண்டி சோழிங்கநல்லூரில் நின்றுகொண்டிருந்ததை ஜி.பி.எஸ். காட்டியது.

உடனே மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்று தப்பு என்றால் எல்லாமே தப்பு என்று வாதாடலாமே என்றார். வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. நமக்குத் தகவல் வரவில்லை என்ற வாதமும் நிற்காது, அனுப்பிய எண் நாம் கொடுத்ததுதான் என்றார். நாலையும் ஸ்பீடு கன் ஒன்றையும் ஒத்துக்கொண்டு பணம் கட்டுவது, தவறானதை மட்டும் ஆதாரத்தோடு மறுப்பது என்று முடிவானது. ஐந்து சலான், 5,000 ரூபாய், அன்றே கட்டினோம். ஐந்தை ஒத்துக்கொண்டால்தான் ஆறாவதைப் பற்றி நாம் சொல்வதை அதிகாரி நம்புவார் என்பது அவர் கணக்கு.

## விசாரணைக்கு முன் எடுத்த முடிவுகள்

விசாரணை 2025 ஜனவரி கடைசி வாரம். அதற்கு முன்பே வேலை நடக்கும் விதத்தை மாற்றிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். 'இனிமேல் ஒழுங்காக ஓட்டுகிறேன்' என்று எழுதித் தருவது எல்லோரும் செய்வது. அதை எந்த அதிகாரியும் படிப்பதுகூட இல்லை.

கீரையை முந்தின நாள் சாயங்காலமே போனில் சொல்லி வைத்து, வேறொரு வியாபாரியிடம் முதலில் எடுப்பது என்று ஏற்பாடானது. லோடுமேனுக்கு இரவுக்கு 50 ரூபாய் கூடுதல். வண்டி 3:25க்குள் வெளியே வர ஆரம்பித்தது. இறக்கும் வரிசையையும் மாற்றினோம். மெஸ்காரர்கள் நாலு மணிக்கே அடுப்பு பற்ற வைத்து இட்லிக்குத் தயாராகிறார்கள், அவர்களுக்கு முதலில் இறக்கினால் மூடிய ஷட்டர் முன்னால் நிற்க வேண்டாம். பதினெட்டு வருடமாக இந்த வழியில் லோடு அடிக்கும் மாமாவுக்கு இது தோன்றவே இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

போன் ஸ்டாண்டு இடது பக்கம் போனது. ஜி.பி.எஸ். பெட்டியில் 62ஐத் தாண்டினால் மாமாவின் போனுக்கு அலாரம். வண்டிப் பதிவு விவரம் இருக்கும் அரசின் பரிவாகன் தளத்தில் போன் எண்ணை மாற்றினோம். லோடை எடைமேடையில் போட்டுப் பார்த்ததில் அனுமதித்த எடையை ஒட்டி நின்றது. தக்காளியில் இரண்டு பெட்டியைக் குறைத்தோம். அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாயில்தான் ஆரம்பமே.

## விசாரணை

ஒரு பக்க விளக்கம், ஐந்து ரசீது, மாதாந்திர ஜி.பி.எஸ். அறிக்கை, ஓட்டியது யார் என்று மாமா கையெழுத்திட்ட கடிதம், தவறான சலானுக்கான படங்கள். இவ்வளவுதான் கொண்டுபோனோம்.

அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, "வேகம் தெரியாம ஓட்டினியா, தெரிஞ்சே ஓட்டினியா?" என்று கேட்டார். நாங்கள் ஒத்திகை பார்த்த பதில் வேறு. தம்பி சொன்னது: "வேகமா போறேன்னு தெரியும் சார். எவ்வளவுன்னு பார்க்கல. பார்க்க முடியாத மாதிரி போனை வச்சிருந்தேன்." வக்கீல் என்னைப் பார்த்தார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதற்குப் பிறகுதான் அதிகாரி ஜி.பி.எஸ். தாளைக் கையில் எடுத்து, டிசம்பருக்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

வக்கீல் வைத்த வாதம் ஒன்றே ஒன்று. கேமரா சலான்கள் வண்டிச் சொந்தக்காரரின் பெயரில் வந்தவை. அவற்றில் லைசென்ஸ் எதுவும் கைப்பற்றி அனுப்பப்படவில்லை. 19ஆம் பிரிவின் கீழ் தம்பி மீது நடவடிக்கை என்று வருவது இதுவே முதல் முறை. எனவே இதை முதல் குற்றமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதிகாரி அதை ஏற்றார். விட்டுவிடவும் இல்லை. ஐந்து மாதத்தில் ஐந்து முறை என்பது தற்செயல் அல்ல என்று காரணம் எழுதி, மூன்று மாதம் தகுதி நீக்கம். காலம் முடிந்து லைசென்ஸ் திரும்பக் கிடைக்க, புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாமாவுக்கு ஆசை இருந்தது. தம்பிதான் வேண்டாம் என்றார். எனக்கும் அந்த உத்தரவில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

## அந்த மூன்று மாதம்

ஆக்டிங் டிரைவருக்கு இரவுக்கு 800 ரூபாய். தம்பி அதே வண்டியில் லோடு இறக்கும் ஆளாகப் போனார், மாதம் 10,000. வீட்டில் தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு நகை அடகுக்குப் போனது.

மார்ச்சில் ஒரு ராத்திரி 1:40க்கு மாமா கூப்பிட்டார். ஆக்டிங் டிரைவரின் குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. லோடு பாதி ஏறிவிட்டது. "ஒரே ஒரு ட்ரிப் மாஸ்டர். இந்நேரத்துக்கு யார் பார்க்கப் போறா?"

தகுதி நீக்கம் உள்ளபோது ஓட்டினால் 182ஆம் பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அது மாமாவுக்கு ஏற்கெனவே தெரியும். நான் இன்ஷூரன்ஸைப் பற்றிக் கேட்டேன். தகுதி நீக்கப்பட்ட ஆள் ஓட்டி யாராவது அடிபட்டால், கம்பெனி கைவிரிக்கும், இல்லையென்றால் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் வசூலிக்கும். இழப்பீடு வண்டிக்காரர் தலையில்தான் விழும். வண்டியை விற்றாலும் போதாது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் போனை வாங்கித் தம்பியே, "நான் ஓட்ட மாட்டேன் மாஸ்டர், நீங்க தூங்குங்க" என்றார்.

மேடவாக்கம் பக்கம் போகிற இன்னொரு குட்டியானையில் 1,200 ரூபாய் வாடகைக்கு லோடை மாற்றினார்கள். 6:10க்குத்தான் இறங்கியது. ஐந்து கடைகள் தலா 200 பிடித்தன. அந்த ஒரு இரவில் நஷ்டம் 2,200.

புத்தாக்கப் பயிற்சியை என்னிடமே எடுக்க வைத்தால் சரியாக இருக்காது என்று வேறொரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினேன். பாதி வகுப்பு சாலைக் குறியீடுகள் பற்றி, பாதி வீடியோ. உருப்படியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், கெடுதலும் இல்லை.

## இப்போது

2025 மே முதல் தம்பி திரும்ப ஓட்டுகிறார். ஜி.பி.எஸ். கணக்கில் ரேடியல் சாலையின் உச்ச வேகம் 56க்கும் 61க்கும் இடையில் இருக்கிறது. முதல் மாதத்தில் இரண்டு முறை அலாரம் அடித்தது, இரண்டுமே மேம்பால இறக்கத்தில். இதை எழுதும் நாள் வரை புது சலான் இல்லை. மாமா தினமும் காலை டீயோடு போனில் வரும் எண்ணைப் பார்க்கிறார். பேரனின் மார்க் ஷீட்டைப் பார்ப்பது போல என்று தம்பி கிண்டல் செய்கிறார்.

## திரும்பச் செய்வதாக இருந்தால்

முதல் வாரத்தை வீணாக்கியிருக்கக் கூடாது. யாரைப் பார்ப்பது என்று அலைந்ததில் நோட்டீஸுக்குப் பதில் தரும் கடைசித் தேதிக்கு இரண்டே நாள் மிச்சமிருக்கும்போதுதான் விளக்கம் போனது. புகைப்படங்களைத் தரவிறக்குவதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நவம்பரில் லைசென்ஸைக் கொடுத்துச் சீட்டு வாங்கிய அன்றே தம்பி சொல்லியிருந்தால் வேலை மாற்றத்தை இரண்டு வாரம் முன்னதாக ஆரம்பித்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். மாமா வண்டியைப் பிடுங்கிக்கொள்வார் என்ற பயம். மாமாவிடம் கேட்டால், பிடுங்கித்தான் இருப்பேன் என்கிறார்.

என் பக்கத்துத் தவறு பெரிது. எங்கள் ஸ்கூலில் பழகுகிறவர்கள் தேர்வில் ஓட்டிக் காட்டுகிற அளவுக்குத்தான் பழகுகிறார்கள். பகல் வெளிச்சம், காலி வண்டி, 30 கி.மீ. வேகம். லைசென்ஸ் வாங்கிய பிறகு அதே பையன் 700 கிலோ லோடோடு இருட்டில் போகிறான். இப்போது லோடு வண்டி வேலைக்குப் போகிறேன் என்று சொல்கிற ஆட்களுக்கு ஒரு இரவு வகுப்பு வைக்கிறேன். முகப்பு விளக்கு வெளிச்சத்தை நடந்து அளக்கும் அந்த வேலையை அதில் கட்டாயமாக்கியிருக்கிறேன். கடைசியில் போனை எடுக்கச் சொல்லி, வண்டிப் பதிவில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்க வைப்பேன். போன மாதம் ஏழு பேரில் மூன்று பேருக்குப் பழைய எண்தான் இருந்தது.

அந்த ஆறாவது சலான், வேறொருவரின் மூடிய வண்டிப் படத்தோடு, தளத்தில் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது. மூன்று முறை மனு போட்டாகிவிட்டது. அடுத்த எஃப்.சி.க்குள் அது நீங்காவிட்டால் ஜி.பி.எஸ். தாளோடு திரும்பவும் நேரில்தான் போக வேண்டும்.